மோட்டார் ஓடும் நேரம்: பூட்டிய வார்டில் ஒரு புலனுணர்வு அறை

வடசென்னையில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையின் பூட்டிய ஆண்கள் வார்டில் நடந்தது இது. நான் அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்கள் வழியாக நோயாளிகளைத் தேற்றும் சிகிச்சையாளர். நோயாளியும் அவருடைய அக்காவும் இதை எழுதச் சம்மதம் தந்தார்கள். எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் தவறு என்றார், திருத்தினேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க வயது, குடும்பம், படகு பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒளி, ஒலி, தொடுதல் போன்றவற்றால் நோயாளியை அமைதிப்படுத்தும் புலனுணர்வு அறையை அமைக்க விரும்பும் மற்ற வார்டுகளிலிருந்து என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: என்னென்ன பொருள் வாங்க வேண்டும்? நாங்களும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம். அதனால் ஒரு மனிதரை எப்படிக் கஷ்டப்படுத்தினோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இந்த ஆய்வு யாருக்காவது பயன்படும்.

அனுமதி

முப்பத்தெட்டு வயது. காசிமேட்டை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதிலிருந்து விசைப்படகில் வேலை. மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்கு முன் இரண்டு முறை வார்டில் இருந்திருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, கடலுக்குப் போய்வந்து, அக்கா பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய ஆண்டுகளும் நடுவே உண்டு.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் அக்காவும் சித்தப்பா மகன்கள் இருவரும் ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நான்கு வாரம் ஆகியிருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். வீட்டில் காசு புரளாது. இரவெல்லாம் வேலை செய்து பகலில் கண்ணயர்ந்த உடம்புக்குத் தூக்கம் தடுமாறிப்போகும். அவர் மாத்திரையை நிறுத்தியதும் அந்த நாட்களில்தான். வந்தபோது ஐந்து இரவுகள் தூங்கியிருக்கவில்லை. சுவருக்குள்ளிருந்து ஆட்கள் பேசுகிறார்கள் என்று சுவிட்ச் பலகையைப் பிடுங்கியதில் வலது உள்ளங்கை தீய்ந்திருந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 89-இன்படி சேர்த்துக்கொண்டோம். தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியிருக்கும்போது, நியமனப் பிரதிநிதி கேட்டுக்கொண்டால் 30 நாள் வரை உள்ளே வைத்துச் சிகிச்சை தர அனுமதிக்கும் பிரிவு அது. நியமனப் பிரதிநிதி, மீன் விற்கும் அந்த அக்கா.

நான்கு கட்டுகள்

முதல் பதினொரு நாட்களில் அவர் நான்கு முறை கட்டிலில் கட்டப்பட்டார். நான்கையும் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்று, பக்கத்துக் கட்டில்காரரோடு நடந்த கைகலப்பு. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: தப்பியோட முயன்றார், தடுத்த பணியாளரைத் தள்ளினார், கட்டுப்படுத்தி ஊசி போடப்பட்டது.

கட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. பிரிவு 97, நோயாளியைத் தனியறையில் அடைப்பதை முற்றிலும் தடைசெய்கிறது. அவருக்கோ மற்றவருக்கோ உடனே நேரவிருக்கும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மேல் நீட்டாமல் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் இல்லம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறையில் வேலை பார்க்கும் யாரும் அந்த நாளை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு துணிப்பட்டையைக் கையில் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

எங்கள் வார்டில் பதிவுகள் எல்லாம் சரியாக இருந்தன. அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் போன் செய்தோம். மூன்றாவது போனை அவர் மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓடினான், ஓடினான் என்கிறீர்களே, எங்கே ஓடினான் என்று பார்த்தீர்களா அம்மா?" என்றார்.

பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் நோட்டில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. நான்காவது கட்டுக்கு அடுத்த நாள் அவரைப் புலனுணர்வு அறைக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்தோம்.

கடைசி அறை

பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் அந்த அறை, ஒரு காலத்தில் நோயாளிகளைத் தனியே அடைக்கப் பயன்பட்டது. 2018 மே மாத இறுதியில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அடைப்பது நின்று, உடைந்த கட்டில்களைப் போடும் இடமானது. வார்டில் எல்லோரும் அதைக் கடைசி அறை என்பார்கள். இந்த நோயாளி வந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதைக் காலிசெய்து, வெளிர்பச்சை வண்ணம் அடித்து, புலனுணர்வு அறையாக்கினோம்.

இந்த வகை அறைகளின் பூர்வீகம் நெதர்லாந்து. 1970களில் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லங்களில், வண்ண விளக்கு, மெல்லிய இசை, வாசனை, மென்மையான மெத்தை என்று புலன்களுக்கு இதமானவற்றை ஓர் அறையில் சேர்த்துவைத்தார்கள். அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், தொடுதலையும் அசைவையும் உடம்பின் எடையையும் மூளை எப்படி ஒருங்கிணைக்கிறது என்பதைப் பற்றிய கோட்பாட்டை அதற்கு முன்பே வளர்த்தெடுத்திருந்தார். இந்த இரண்டு ஓடைகளும் கலந்து, 2000-க்குப் பிறகு மனநல வார்டுகளுக்கு வந்தன. கட்டுவதற்கும் அடைப்பதற்கும் மாற்றாக இத்தகைய அறைகளைப் பயன்படுத்தலாம் என்று மாசசூசெட்ஸில் டீனா ஷாம்பெயின் என்ற தெரபிஸ்ட் 2004-இல் எழுதியது பலருக்கு வழிகாட்டியது. எனக்கும்தான்.

ஆனால் நான் அவர் எழுத்தைவிட, இணையத்தில் பார்த்த அறைகளின் படங்களைத்தான் பின்பற்றினேன். நன்கொடையாளர் ஒருவர் தந்த புரொஜெக்டரில் நீல அலைகள் சுவரெங்கும் ஓடும். ஸ்பீக்கரில் கடல் அலையின் ஒலி. லாவண்டர் எண்ணெய். ஆன்லைனில் வாங்கிய ஏழு கிலோ எடைப் போர்வை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை நோயாளியை அங்கே அழைத்துப்போனபோது என் மனதில் இருந்த கணக்கு எளிமையானது: மீனவர், கடல் அலை, அமைதி. கதவைத் தாண்டியதும் சுவரைப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த நொடி தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் எதையோ பிடித்துச் சுழற்றுவதுபோல் இழுக்கத் தொடங்கினார். "இன்ஜின் நின்றுவிட்டது, இன்ஜின் நின்றுவிட்டது" என்று கத்தினார். நான் ஸ்பீக்கரை நிறுத்துவதற்குள் அதை அவர் பிடுங்கி எறிந்துவிட்டார். உதவியாளர்கள் இருவர் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். கட்டவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அன்று மாலை கேஸ் ஷீட்டில் நான் எழுதியது: "பொருத்தமற்ற பேச்சு. புலனுணர்வு அறையைத் தாங்கிக்கொள்ளவில்லை." அந்த இரண்டு வாக்கியங்களும் இன்றும் அந்தத் தாளில் இருக்கின்றன. அவர் அன்று வார்டில் பேசியவற்றிலேயே மிகவும் பொருத்தமான பேச்சு அதுதான் என்பது நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா சொன்னது

ஞாயிற்றுக்கிழமை அக்கா பார்க்க வந்தார். நடந்ததைச் சொன்னேன். அலைச் சத்தம் போட்டோம், பிடிக்கவில்லை என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

கரையில் இருப்பவர்களுக்கு அலைச் சத்தம் தாலாட்டு. படகில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் படகில், இரவும் பகலும் கேட்கிற சத்தம் டீசல் இன்ஜின்தான். பலகைக்கு அடியில் அது அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வின்மேல் முதுகை வைத்துத்தான் ஆட்கள் தூங்குவார்கள். அலை மட்டும் தனியாகக் கேட்கிறதென்றால் இன்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம். நடுக்கடலில், இருட்டில், காற்று இழுத்த பக்கம் படகு போகிறது என்று அர்த்தம். தூங்குகிறவர்கள் அத்தனை பேரும் சத்தத்தால் அல்ல, சத்தம் நின்றதால் எழுந்துகொள்வார்கள். அவர் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் அப்படி ஓர் இரவு நேர்ந்திருக்கிறது.

"வீட்டுக்கு வந்தால்கூட முதல் இரண்டு நாள் அவனுக்குத் தூக்கம் வராது. பாத்திரம் கழுவும் இடத்துச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வான். பக்கத்து ஐஸ் கம்பெனியின் மிஷின் சத்தம் அந்தச் சுவரில் வரும்" என்றார்.

இதைச் சொல்லும்போது, நோயாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த வார்டு உதவியாளர் கரண்டியைக் கீழே வைத்தார். இருபது ஆண்டுகளாக அந்த வார்டில் இருப்பவர். இந்த நோயாளியை மூன்று முறை ஓடிப்போய்ப் பிடித்தவரும் அவர்தான். "மேடம், மோட்டார்" என்றார்.

நடைக்கூடத்தின் கோடியில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு வெளியே, பின்கட்டில், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மோட்டார் போடுவார்கள். கேஸ் ஷீட்டை மறுபடி எடுத்தோம். முதல் ஓட்டம் காலை 6.10. இரண்டாவது மாலை 5.05. மூன்றாவது காலை 6.05. வார்டின் வெளிக்கதவு இருப்பது நேர் எதிர்த் திசையில். தப்பிக்க நினைத்தவர் கதவில்லாத பக்கம் ஏன் ஓட வேண்டும் என்ற எளிய கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக் கண்டுபிடித்திருந்தார். அதை நோக்கிப் போனபோதெல்லாம் நாங்கள் பிடித்துக் கட்டியிருந்தோம்.

பதினேழாம் நாள், காலை

ஐந்தே முக்காலுக்கு நானும் அந்த உதவியாளரும் அவர் கட்டிலருகே போனோம். விழித்துத்தான் இருந்தார். "அண்ணே, மோட்டார் போடப்போகிறார்கள். வருகிறீர்களா?" என்று உதவியாளர் கேட்டார். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் சொல்லாமல் எழுந்தார். யாரும் அவரைத் தொடவில்லை.

நடைக்கூடத்தின் கோடிக்குப் போய், சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, முதுகை முழுதாகப் பதித்து உட்கார்ந்தார். முழங்காலை மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றினார். மோட்டார் போட்டதும் முதலில் ஓர் இருமல்போல் சத்தம், பிறகு சீரான உறுமல். நானும் சுவரில் கைவைத்தேன். மணிக்கட்டு வரை ஏறியது. அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். ஐந்தாறு நிமிடத்தில், வந்த நாளிலிருந்து இறுகியே இருந்த தாடை இளகி வாய் சற்றே திறந்தது. தோள்கள் இறங்கின. மூச்சு வயிற்றிலிருந்து வந்தது. தீய்ந்த உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்திருந்தார். மோட்டாரை நிறுத்தும் வரை அசையவில்லை. நின்றதும் கண்ணைத் திறந்து, உதவியாளரிடம் டீ கிடைக்குமா என்று கேட்டார். வார்டுக்கு வந்து அவர் கேட்ட முதல் பொருள் அது.

இதில் மாயம் எதுவும் இல்லை. அச்சத்தில் இருக்கும் உடம்பு எதிர்பாராத எதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். சீராகத் திரும்பத் திரும்ப வரும் அதிர்வு, உடம்பில் பரவலாகப் படும் அழுத்தம், மெதுவான ஆட்டம் ஆகியவை பெரும்பாலானவர்களின் இதயத் துடிப்பையும் மூச்சையும் தணிப்பவை. குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுகிற எந்தத் தாய்க்கும் இது தெரியும். யாருக்கு எது எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. வின்னி டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறார்: தூண்டல் எளிதில் உறைக்காதவர்கள், தூண்டலைத் தேடிப் போகிறவர்கள், சிறிதளவிலேயே கூசிப்போகிறவர்கள், கூச்சத்தால் விலகி ஒதுங்குகிறவர்கள். ஒரே ஆள் ஒரு புலனில் தேடுகிறவராகவும் இன்னொன்றில் விலகுகிறவராகவும் இருக்கலாம். இவர் அதிர்விலும் அழுத்தத்திலும் தேடுகிறவர். ஓடும் வெளிச்சத்தில் விலகுகிறவர். என் புரொஜெக்டர் அவருக்கு இருபுறமும் தவறாக இருந்தது.

செய்த மாற்றங்கள்

முதலில் மோட்டார் சத்தத்தைப் பதிவு செய்து கடைசி அறையில் போட்டுப் பார்த்தோம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "காதில் இருக்கிறது மேடம், முதுகில் இல்லை" என்று எழுந்துவிட்டார். சரிதான் என்று விட்டுவிட்டோம். அவர் அறைக்கு வர வேண்டும் என்பதைக் கைவிட்டு, அறையை அவரிடம் கொண்டுபோனோம். நடைக்கூடத்தின் கோடியில் தென்னை நார்ப் பாய் ஒன்றைப் போட்டோம். அங்கே யார் போய் உட்கார்ந்தாலும் தடுக்கக் கூடாது என்று எழுதி, மூன்று ஷிப்ட் ஆட்களுக்கும் படித்துக் காட்டினோம். அவர் கட்டிலை அந்தப் பக்கத்துச் சுவரோரம் நகர்த்தினோம். எலெக்ட்ரீஷியனிடம் பேசினோம். இரண்டு தடவையாக ஏற்றும் தண்ணீரை மூன்று தடவையாக ஏற்றினால் தொட்டிக்கு ஒன்றும் இல்லை என்றார். இரவு ஒன்பது மணிக்கு இருபத்தைந்து நிமிடம் மோட்டார் ஓடத் தொடங்கியது. இந்த மருத்துவமனையில் நான் கேட்டு வாங்கிய வசதிகளிலேயே ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது இதுதான்.

எடைப் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுக் கட்டுரைகளில் அது முதல் வரிசையில் நிற்கும். மே மாதச் சென்னையில், அக்னி நட்சத்திரத்தில், மனநோய் மருந்து சாப்பிடும் ஒருவர்மேல் ஏழு கிலோ போர்வையைப் போடுவது ஆபத்து. இந்த மருந்துகளில் பல உடம்பு தன் சூட்டைச் சீராக்கும் திறனைக் குறைப்பவை. அவற்றின் பக்கவிளைவுக்காகக் கூடவே தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை வியர்வையையும் குறைக்கும். போர்வையை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, கழுவிக் காயவைத்த புளியங்கொட்டையை ஜீன்ஸ் துணியில் கொட்டி, இரட்டைத் தையல் போட்டு, மடியில் வைக்கும் பை தைத்தார் எங்கள் தையல் பிரிவு அம்மா. இரண்டு கிலோ. மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் கொட்டைகள் நகரும் ஓசை மெல்லக் கேட்கும். நோயாளி தானே எடுத்துவைக்கக் கூடிய எடையாக இருக்க வேண்டும், முகத்தை மூடவே கூடாது, ஒவ்வொரு முறையும் தையலைப் பார்த்து எண்ணி வைக்க வேண்டும்.

லாவண்டர் எண்ணெயும் போனது. அந்த வாசனையை வார்டில் பலர் பினாயில் என்றே நினைத்திருக்கிறார்கள். ஒருவர் வெட்டிவேர் கேட்டார். துணிப்பையில் சிறிது கட்டி வைத்தோம்.

வலை

அவருக்குக் கை சும்மா இருந்தால் குரல்கள் அதிகமாகும். அக்காவிடம் கேட்டபோது, தடைக்காலத்தில் வலை சரிபார்ப்பதில் குப்பத்திலேயே அவன் கை வேகம் என்றார். பூட்டிய வார்டில் வலை என்றால் கயிறு; கயிறு என்றால் என்ன பயம் என்பதை இந்த வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமைச் செவிலியர் முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் பணியில் இருந்த ஓர் இரவை அவர் மறக்கவில்லை.

மூன்று நாள் பேசி ஒரு வழி கண்டோம். கனமான மரச்சட்டத்தில், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய பருத்தி நூலால் முழ அகல வலைத்துண்டு. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் தருவதில்லை. பிளாஸ்டிக் வலை ஊசி ஒன்று. எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவோம். நானோ ஒரு சிஸ்டரோ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், முக்கால் மணி நேரம்.

முதல் நாள் நூலை விரலில் உருட்டிப் பார்த்து, இது மீனுக்குத் தாங்காது என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். ஊசி கண்ணிக்குள் போய், இடது கட்டைவிரல் நூலை அழுத்த, மணிக்கட்டு ஒரு சுற்று, ஓர் இழு. முடிச்சு விழுந்தது. பார்க்காமலே அடுத்ததைப் போட்டார். பத்துப் பதினைந்து முடிச்சுக்குப் பிறகு அவர் உதடுகள் அசைவது நின்றதைக் கவனித்தேன். குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்த உதடுகள் அவை. தலைமைச் செவிலியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எதிரில் உட்காரும் முறையைத் தானே எடுத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள்

இந்த நிகழ்வுக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்று, ஆனால் விட முடியாதது. அதே வாரத்தில் ஓர் இரவு, கத்திக்கொண்டிருந்த வேறொரு இளைஞனிடம் பணியாளர் ஒருவர், "சத்தம் போட்டால் அந்த அறையில் போட்டுவிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல் உள்ளே விட்டுக் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். பச்சை வண்ணமும் புரொஜெக்டரும் இருந்தாலும், அந்தப் பத்து நிமிடம் அது சட்டம் தடைசெய்த தனியறைதான். பழைய தாழ்ப்பாள் கதவின் வெளிப்புறத்தில் அப்படியே இருந்ததை நாங்கள் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் தச்சரை அழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னோம். திருகாணி துருப்பிடித்து வரவில்லை, உளியால் பெயர்த்தார். ஆறு துளைகளையும் மக்கு வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசினார். உள்ளே போக மறுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம், உள்ளே இருக்கும்போது கேட்டால் ஒருவர் உடனிருப்பார் என்ற மூன்றையும் நோயாளிகளுக்கே சொல்லிவைத்தோம். அந்தப் பணியாளரை நான் குற்றவாளியாக்க விரும்பவில்லை. இரவில் நாற்பது பேருக்கு இருவராக நிற்கிறவர் அவர். அறையை அமைத்த எங்களுக்கு, அவருக்கும் அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றாதது எங்கள் தவறு.

விளைவும் அதன் எல்லையும்

பதினேழாம் நாளுக்குப் பிறகு அவர் ஒரே ஒருமுறை கட்டப்பட்டார், பத்தொன்பதாம் நாள். மின்தடையால் மாலையில் மோட்டார் ஓடவில்லை. காத்திருந்து காத்திருந்து சுவரில் தலையை மோதத் தொடங்கிவிட்டார். அதன்பின் மின்தடைக்கென்று ஒரு மாற்று வைத்துக்கொண்டோம்: புளியங்கொட்டைப் பை மடியில், உதவியாளர் பக்கத்தில், சேர்ந்து மெதுவாக முன்னும் பின்னும் ஆடுவது. அது மோட்டார் அளவுக்கு இல்லை என்று அவரே சொன்னார். போதுமானதாக இருந்தது.

இவ்வளவும் அந்தச் சுவரால்தான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பதினான்காம் நாள் மனநல மருத்துவர் மருந்தை மாற்றியிருந்தார். ஹாலோபெரிடால் ஊசிகளுக்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்கள் பரபரத்தன. அது நோயின் ஆவேசம் அல்ல, மருந்தின் பக்கவிளைவு என்று கண்டுபிடித்து, ஒலான்சபைனுக்கு மாற்றி, சில நாள் புரோப்ரனலால் என்ற மாத்திரையும் கொடுத்தார். அந்தப் பரபரப்பு தணிந்ததில் இந்த மாற்றத்துக்குப் பெரும்பங்கு இருக்க வேண்டும். தூக்கம் திரும்பியதற்கும் பங்கு உண்டு. வெளிநாட்டு ஆய்வுகளிலும் இதே நிலைதான். இத்தகைய அறையைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் தவிப்பு குறைந்தது என்று சொல்வது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. கட்டுவதும் அடைப்பதும் குறைந்ததா என்று பார்த்தால் சில வார்டுகளில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை. குறைந்த இடங்களில் பணியாளர் பயிற்சி போன்ற வேறு மாற்றங்களும் கூடவே நடந்திருக்கின்றன. அறையின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

இருபத்தாறாம் நாள் அவர் தன் விருப்பத்தின்பேரில் தங்கிச் சிகிச்சை பெற ஒப்புக்கொண்டார். ஜூன் மூன்றாம் வாரத்தில் வீடு திரும்பினார். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பியிருந்தன. காசிமேட்டில் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்டை

வீட்டுக்குப் போகும்முன் அவரோடு உட்கார்ந்து ஓர் அட்டை எழுதினோம். ஒன்று அக்காவிடம், ஒன்று புறநோயாளி கோப்பில். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

"தூக்கம் இரண்டு நாள் வராவிட்டால் அக்காவிடம் சொல்வேன். ஐஸ் கம்பெனிச் சுவரில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப வேண்டாம். சுற்றி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டாம், ஒருவர் பேசினால் போதும். அலைச் சத்தம் வேண்டாம். கையில் வலை கொடுங்கள்."

அட்டையின் கீழே ஏப்ரல் 15 என்று எழுதிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக மருத்துவரைப் பார்க்க வர வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா ஒருபடி மேலே போய்ப் படகு உரிமையாளரிடம் பேசியிருக்கிறார். தடைக்காலத்தில் படகைப் பழுதுபார்த்து மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும் நாட்களில், தம்பியையும் கூப்பிட்டு மேல்தளத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்று. சம்பளம் வேண்டாம் என்றாராம். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று கேட்டிருக்கிறார்.